புகையை விட்டவருக்கு வீட்டார் துணை

நோயாளி வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் மருத்துவரிடம் பல கேள்விகள் கேட்பார்கள். எந்த மாத்திரை எப்போது, என்ன உணவு, அடுத்து எப்போது வரவேண்டும் என்பனவெல்லாம் நோயாளியின் முன்னிலையிலேயே கேட்கப்படும். ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் அறைக்கு வெளியே, தாழ்ந்த குரலில் வரும்: "டாக்டர், இங்கே சேர்ந்ததிலிருந்து அவர் பீடியைத் தொடவில்லை. வீட்டுக்குப் போனதும் மறுபடியும் ஆரம்பித்துவிடுவாரோ?"

மாரடைப்பு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், காசநோய், பக்கவாதம், புற்றுநோய் என எந்த நோய்க்காக வந்திருந்தாலும், புகைப்பவரின் குடும்பத்துக்கு இந்த அச்சம் பொதுவானது. அச்சத்துக்குக் காரணமும் உண்டு. மருத்துவமனையில் கைவிட்ட புகையைப் பலர் வீடு சேர்ந்த சில நாட்களிலேயே மீண்டும் கையில் எடுக்கின்றனர். ஆயினும் இந்தக் கேள்விக்கான விடை நோயாளியின் மனவுறுதியில் மட்டும் இல்லை. அவரைச் சுற்றியிருப்பவர்கள் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதிலும் அதில் ஒரு பெரும்பங்கு உள்ளது. அந்தப் பங்கை எப்படிச் செய்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைவசம் உள்ள நாட்கள்

புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 வினாடிகளுக்குள் அதிலுள்ள நிகோடின் மூளையை எட்டுகிறது. அங்கே டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து, சிறிது நேரம் இதமான உணர்வைத் தருகிறது. ஆண்டுக்கணக்கில் புகைப்பவரின் மூளையில் நிகோடினை ஏற்கும் ஏற்பிகளின் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. இரத்தத்தில் உள்ள நிகோடினின் அளவோ ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அளவு குறையக் குறைய அந்த ஏற்பிகள் மீண்டும் நிகோடினைக் கேட்கின்றன. எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, கவனம் சிதறுதல், அதிகப் பசி, மனச்சோர்வு ஆகியவை தலைதூக்குகின்றன. ஒரு பீடி பற்றவைத்தவுடன் இவை தணிவதால், "புகைத்தால்தான் எனக்கு மனம் அமைதியாகிறது" என்று புகைப்பவர் நம்புகிறார். உண்மையில், முந்தைய பீடி உண்டாக்கிய தவிப்பையே அடுத்த பீடி தணிக்கிறது.

புகையை நிறுத்தியவுடன் தோன்றும் இந்தத் தவிப்பு முதல் நாளிலேயே தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைந்து, 2 முதல் 4 வாரங்களில் படிப்படியாக அடங்கும். எனவே, 5 நாட்கள் இங்கே படுக்கையில் இருந்த ஒருவர் மிகக் கடினமான கட்டத்தை ஏற்கெனவே கடந்துவிட்டார். காய்ச்சலுக்கும் வலிக்கும் ஊசிகளுக்கும் நடுவே அது அவருக்கே தெரியாமல் கழிந்திருக்கலாம். வீடு திரும்பும்போது மருந்துப் பையோடு அந்த 5 நாட்களையும் அவர் எடுத்துச் செல்கிறார். அவற்றை இழந்துவிடாமல் காப்பதே அடுத்த ஒரு மாதத்தின் வேலை.

ஆனால் வீட்டில் வேறொரு சோதனை காத்திருக்கிறது. மருத்துவமனைப் படுக்கைக்கும் பீடிக்கும் முன்பின் தொடர்பில்லை. வீட்டுத் திண்ணைக்கும் காலைத் தேநீருக்கும் உணவுக்குப் பின் வரும் ஓய்வுக்கும் முப்பது ஆண்டுத் தொடர்பு உண்டு. அந்த இடத்தில், அந்த நேரத்தில் அமர்ந்தவுடன் கை தானாகவே சட்டைப் பையைத் தேடும். இது மனவுறுதிக் குறைவு அன்று. பழகிய மூளையின் இயல்பு.

தனி ஒருவரின் போராட்டமா?

விட வேண்டும் என்ற எண்ணம் புகைப்பவர்களிடம் இல்லை என்று குடும்பத்தினர் பலர் கருதுகின்றனர். 2016-17ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட உலகளாவிய புகையிலைக் கணக்கெடுப்பின் இந்தியப் பகுதி வேறு விதமாகச் சொல்கிறது. நம் நாட்டில் புகைப்பவர்களில் 55 விழுக்காட்டினர் அதை விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தனர். விருப்பம் இருக்கிறது; வழிதான் கடினமாக உள்ளது. எவர் உதவியும் மருந்தும் இன்றித் தாமாகவே விட முயல்பவர்களில் 100க்கு 3 முதல் 5 பேர் மட்டுமே, 6 மாதம் முதல் ஓராண்டு வரை தொடர்ந்து புகைக்காமல் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. திரும்பப் புகைக்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முதல் 8 நாட்களிலேயே திரும்பிவிடுகின்றனர்.

சுற்றியிருப்பவர்களின் வலிமையை அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் நடைபெற்ற நெடுங்கால இதயநல ஆய்வு தெளிவாகக் காட்டியது. அந்த ஆய்வில் இடம்பெற்ற 12,067 பேரின் உறவு, நட்பு வலைகளை 1971 முதல் 2003 வரையிலான விவரங்களைக் கொண்டு நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவ்லர் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டு வெளியிட்டனர். கணவன் மனைவியரில் ஒருவர் புகையை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் விட்டால் 36 விழுக்காடும், சிறிய நிறுவனத்தில் உடன் பணிபுரிபவர் விட்டால் 34 விழுக்காடும், உடன்பிறந்தவர் விட்டால் 25 விழுக்காடும் குறைந்தது. ஒன்றாகப் புகைத்த கூட்டம் ஒன்றாகவே விட்டதையும் அவர்கள் கண்டனர். புகைப்பழக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவது போலவே, அதை விடுவதும் பரவுகிறது.

எந்த வகைத் துணை பயன் தரும்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணை என்று நாம் நினைத்துச் செய்வதெல்லாம் துணையாகிவிடுவதில்லை. புகையை விட முயல்பவரின் துணைவருக்கோ நண்பருக்கோ பயிற்சி அளித்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கூடுதல் பலன் ஏதும் தெளிவாகத் தென்படவில்லை. அப்பயிற்சிகளில் பல, வீட்டில் கிடைக்கும் ஆதரவை உண்மையில் கூட்டவே இல்லை என்பது அதற்கு ஒரு விளக்கம். மறுபுறம், 1990ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், துணைவரின் நடத்தையில் ஊக்கமும் பாராட்டும் எவ்வளவு, குறைகூறலும் நச்சரிப்பும் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தனர். ஊக்கத்தின் பங்கு எங்கே மிகுந்திருந்ததோ, அங்கே புகையை விட்டவர்கள் அதிகமாக இருந்தனர்.

எங்கள் பிரிவிலும் இதை நாள்தோறும் காண்கிறோம். அன்பின் மிகுதியால் மனைவி சட்டைப் பையைச் சோதிக்கிறார். மகன் வாயை முகர்ந்து பார்க்கிறான். மூத்த மருமகள் வந்தவர் போனவரிடமெல்லாம் "மாமா ஒளிந்து ஒளிந்து ஊதுகிறார்" என்று சொல்கிறார். ஒவ்வொருவரின் நோக்கமும் நல்லதே. ஆனால் விசாரணைக்கு ஆளாகும் மனிதர் வீட்டை விட்டு வெளியே போகத் தொடங்குகிறார். வெளியே அவரை விசாரிக்காத ஓரிடம் உண்டு, அது பெட்டிக்கடை.

ஆகவே பேச்சில் சிறு மாற்றங்கள் தேவை. "இன்றைக்கு எத்தனை ஊதினீங்க?" என்ற கேள்விக்குப் பதிலாக "இன்றைக்கு எந்த நேரம் கஷ்டமா இருந்தது?" என்று கேட்கலாம். முதல் கேள்விக்குப் பொய்யே விடையாக வரும். இரண்டாம் கேள்விக்கு உண்மை வரும். "உங்களால முடியாது, எத்தனை தடவை பார்த்தாச்சு" என்பதை விட்டு, "போன தடவை 12 நாள் இருந்தீங்கப்பா, இந்தத் தடவை இன்னும் கூட்டிப் பார்ப்போம்" என்று மகள் சொல்லலாம். இரண்டும் ஒரே வரலாற்றைத்தான் சொல்கின்றன. முதல் வாக்கியம் தோல்வியை எண்ணுகிறது. அடுத்தது கடந்த நாட்களை எண்ணுகிறது.

எரிச்சலையும் குடும்பத்தினர் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் உப்பு குறைந்ததற்கும் தொலைக்காட்சி ஒலிக்கும் அவர் சினந்து பேசக்கூடும். அது நிகோடின் விலகும்போது எழும் சினம் என்று அறிந்தால் தாங்கிக்கொள்வது எளிது. "இப்படிக் கத்துவதற்குப் பீடியே குடித்துத் தொலையுங்கள்" என்ற ஒரு சொல், பல நாள் உழைப்பை ஒரு நொடியில் கலைத்துவிடும். அதே வேளையில், நோயாளியும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உடலின் தவிப்பு வீட்டாரை வசைபாட உரிமை தருவதில்லை. "எனக்கு இப்போது தவிப்பாக இருக்கிறது, சற்றுத் தனியே விடுங்கள்" என்று சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

முதல் மாதம்: வீட்டில் செய்ய வேண்டியவை

மருத்துவமனையில் தொடங்கிய ஆலோசனையும் ஆதரவும் வீடு திரும்பிய பின் குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்தால்தான் பலன் தெளிவாகக் கிடைக்கிறது என்பது பல ஆய்வுகளின் முடிவு. ஆகவே அந்த ஒரு மாதத்துக்குக் கீழ்க்காணும் ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள்.

நோயாளி வீடு வந்து சேருவதற்கு முன்பே, அவரது ஒப்புதலுடன் பீடிக்கட்டு, சிகரெட், தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் அனைத்தையும் அகற்றிவிடுங்கள். ஒப்புதல் என்ற சொல் முக்கியமானது. அவருக்குத் தெரியாமல் எறிந்தால் அது பறிமுதல். அவரே "எடுத்துப் போட்டுவிடு" என்று சொன்னால் அது அவரது முடிவு. அவர் வழக்கமாகப் புகைக்கும் நாற்காலியை வேறிடத்துக்கு மாற்றுங்கள். சட்டை, போர்வை, திரைச்சீலை ஆகியவற்றைத் துவைத்துவிடுங்கள். வீட்டில் வேறு எவரேனும் புகைப்பவராக இருந்தால், அவரும் சேர்ந்து விடுவதே மிகச் சிறந்த துணை. அது இயலாவிட்டால், வீட்டுக்குள்ளும் நோயாளியின் கண்ணெதிரிலும் புகைப்பதில்லை என்றாவது அவர் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்குள் புகை கூடாது என்ற விதி மற்றவர்களையும் காக்கும். பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதால் மட்டும் உலகில் ஆண்டுதோறும் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. மேலே சொன்ன கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 38.7 விழுக்காட்டினர் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிக்கின்றனர். புகைக்காமலேயே நுரையீரல் நோயுடன் எங்களிடம் வரும் பெண்களில் சிலரின் வீட்டு வரலாற்றைக் கேட்டால் இது விளங்கும்.

புகைக்க வேண்டும் என்ற வேட்கை அலைபோல் எழும். பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடங்களில் தணியும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஏதேனும் ஒரு வேலை வேண்டும். ஒரு குவளை நீரைச் சிறிது சிறிதாகப் பருகுதல், பத்து முறை ஆழ்ந்து மூச்சு விடுதல், மாடிவரை நடத்தல், கொஞ்சம் சோம்போ கிராம்போ மெல்லுதல், பேரக்குழந்தையுடன் பேசுதல் என எதுவும் உதவும். அந்த நேரத்தில் "வாங்கப்பா, ஒரு நடை போய்விட்டு வரலாம்" என்று மகன் எழுந்து நின்றால், நெடிய அறிவுரையைவிட அது மேலானது.

காலைக்கடன் கழிக்கப் பீடி வேண்டும் என்று பலர் சொல்வதுண்டு. நிகோடின் குடலின் அசைவைத் தூண்டுவதால், நிறுத்திய முதல் சில வாரங்களில் மலச்சிக்கல் ஏற்படலாம். கீரை, கொய்யா, வாழைப்பழம், போதிய நீர் ஆகியவற்றைச் சமையலறையிலிருந்தே ஏற்பாடு செய்யலாம். இதய நோய் அல்லது சிறுநீரக நோய் காரணமாக நீரின் அளவும் பழங்களும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தால், அந்த அறிவுரையே முதன்மையானது.

தேநீர், காப்பியின் அளவையும் குறைக்க வேண்டும். புகையிலுள்ள சில பொருட்கள் கஃபீனைக் கல்லீரல் விரைவாக அகற்றும்படி செய்கின்றன. புகை நின்றவுடன் அந்த வேகம் குறைவதால், முன்பு குடித்த அதே அளவு காப்பி இப்போது உடலில் கூடுதல் நேரம் தங்கிப் படபடப்பையும் தூக்கமின்மையையும் உண்டாக்கும். இதே காரணத்தால் தியோஃபிலின், சில மனநல மருந்துகள் ஆகியவற்றின் அளவையும் மாற்ற நேரிடலாம். இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், இன்சுலின் ஆகியவற்றை எடுப்பவர்களும் புகையை நிறுத்தியதை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

சிலருக்கு நிறுத்திய பின் இருமலும் சளியும் சிறிது கூடும். "விட்டதால்தான் இருமல் வந்தது" என்று அஞ்ச வேண்டாம். புகையால் செயலிழந்திருந்த மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மீண்டும் வேலை செய்து சளியை வெளியேற்றுவதே இதற்குக் காரணம். இருமலில் இரத்தம் வந்தாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல் இருந்தாலோ, இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ உடனே வந்து காட்ட வேண்டும்.

தேநீர்க்கடை நண்பர்கள்

நம் ஊரில் புகைப்பழக்கத்தின் பெரும்பகுதி தேநீர்க்கடையைச் சுற்றியே நிகழ்கிறது. பொது இடங்களில் புகைப்பது 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டிருந்தாலும், கடையின் ஓரத்தில் நாலு பேர் நின்று ஊதும் காட்சி மறைந்துவிடவில்லை. அந்த நாலு பேரும் கெட்டவர்கள் அல்லர். மருத்துவமனைக்கு ஓடி வந்து இரத்தம் கொடுத்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். ஆகவே "அந்தக் கூட்டாளிகளை விட்டுவிடுங்கள்" என்று சொல்வது பெரும்பாலும் பயன் தருவதில்லை; கொடியதும்கூட.

அதைவிட, அந்த நண்பர்களில் ஒருவரைத் துணைக்கு அழைப்பது நல்லது. குழுவில் அதிக மதிப்புடைய ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லி, நோயாளியே அவரிடம் பேசட்டும்: "அண்ணே, எனக்கு நீட்டாதீங்க. நான் கேட்டாலும் கொடுக்காதீங்க. ஒரு மாசத்துக்கு மட்டும் இந்த உதவி செய்யுங்க." வெளிப்படையாகக் கேட்கப்பட்ட உதவியை மறுப்பவர் குறைவு. முதல் சில வாரங்களுக்குத் தேநீரை வீட்டிலேயே குடிப்பதும், நண்பர்களைக் கடைக்குப் பதிலாகக் கோயில் மண்டபத்திலோ நூலகத்திலோ பூங்காவிலோ சந்திப்பதும் எளிய மாற்றங்கள்.

"ஒன்றே ஒன்றுதானே, அதனால் என்ன ஆகிவிடும்?" என்பதே நண்பர்களின் வழக்கமான வாதம். நாளுக்கு ஒரு சிகரெட் புகைப்பவருக்கும் இதய நோய் வாய்ப்பு, நாளுக்கு 20 புகைப்பவருக்குக் கூடுவதில் ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது என்று 2018ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியுள்ளது. இருபதை ஒன்றாகக் குறைத்தால் ஆபத்து இருபதில் ஒரு பங்காகிவிடும் என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது. "பீடி இலையில் சுற்றியது, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை" என்பதும் தவறு. பீடி அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு ஆகியவை குறையாமல் உள்ளே செல்கின்றன.

ஒரே பாதையில் செல்பவர்களின் குழு

வீட்டாரால் தர இயலாத ஒன்றை, அதே பழக்கத்தை விட்ட இன்னொருவரால் தர இயலும். குழுவாகக் கூடி ஆலோசனை பெறுபவர்கள், கையேட்டை மட்டும் வைத்துத் தாமே முயல்பவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வெற்றி பெறுவதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. இந்தியாவில் 2002ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் 13 இடங்களில் புகையிலை விடுவிப்பு மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் அவற்றுள் ஒன்று.

நமது மருத்துவமனையின் குழுவில் சொற்பொழிவு எதுவும் கிடையாது. வட்டமாக நாற்காலிகள் போடப்படுகின்றன. நேற்று விட்டவரும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்டவரும் அருகருகே அமர்கின்றனர். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு சிறு கருவியில் ஊதுகின்றனர். மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடின் அளவை அது எண்ணாகக் காட்டும். புகைப்பவரின் எண் பெரும்பாலும் 10க்கு மேல் இருக்கும். விட்ட ஓரிரு நாட்களிலேயே புகைக்காதவரின் அளவுக்கு இறங்கிவிடும். எக்ஸ்ரேயில் மாற்றம் காண மாதங்கள் ஆகலாம். இந்த எண் உடனே இறங்குவதைக் கண்டு, ஐம்பது வயதைக் கடந்தவர்களும் பள்ளி மாணவரைப் போல் மகிழ்வதைப் பார்க்கலாம்.

அதன் பின் பேச்சு. நெடுந்தூர லாரி ஓட்டுநர் ஒருவர், இரவில் தூக்கம் கலைய முன்பு சிகரெட் பிடித்ததாகவும், இப்போது பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் மடியில் கட்டிக்கொள்வதாகவும் சொன்னார். கட்டட மேஸ்திரி ஒருவர், பீடிக்காக வேலையை நிறுத்தும் அந்தப் பத்து நிமிட ஓய்வுதான் தமக்கு வேண்டியிருந்தது என்றும், பீடி இல்லாமலும் அந்த ஓய்வை எடுக்கலாம் என்பது பல ஆண்டுகள் தோன்றவே இல்லை என்றும் கூறினார். மருத்துவர் சொன்னால் அறிவுரையாகத் தெரிவது, அவர்கள் சொல்லும்போது அனுபவமாகத் தெரிகிறது. குடும்பத்தினரும் இக்குழுவில் அமரலாம். புகையிலை மெல்லும் பழக்கமுடையவர்களுக்கும் இடம் உண்டு.

மருந்துகளும் துணையே

மருந்தின் உதவியை நாடுவது பலவீனம் என்று சிலர் எண்ணுகின்றனர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பது எவ்வாறு பலவீனம் அன்றோ, அவ்வாறே இதுவும். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, வேரெனிக்ளின், புப்ரோபியான் ஆகியவை பயன்பாட்டில் உள்ளன. காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவர்களுக்குச் சார்பு அதிகம். அவர்களுக்கு மருந்தின் தேவையும் அதிகம். பட்டையையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடக் கூடுதல் பலன் தரும்.

சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாயைப் போல் தொடர்ந்து மெல்லக் கூடாது. காரமான சுவை தெரியும்வரை மெதுவாக மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை குறைந்ததும் மீண்டும் சிறிது மெல்ல வேண்டும். ஒரு துண்டை அரை மணி நேரம் இவ்வாறு பயன்படுத்தலாம். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்து தேநீர், காப்பி, புளிப்பான பழச்சாறு அருந்தினால் நிகோடின் வாயில் சரியாக உறிஞ்சப்படாது. "சூயிங்கம் போட்டேன், பலன் இல்லை, விக்கல்தான் வந்தது" என்பவர்களில் பலர் மெல்லும் முறையையே தவறவிட்டவர்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் புப்ரோபியானைத் தவிர்க்க வேண்டும். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் எந்த மருந்தையும் மருத்துவரின் அறிவுரைப்படியே எடுக்க வேண்டும்.

ஒரு முறை சறுக்கினால்

நோயாளி ஒருவரின் நிகழ்வை, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பியவர் 18 நாட்கள் புகைக்கவில்லை. 19ஆம் நாள், உறவினர் திருமணத்தில் பந்தி முடிந்ததும் ஒருவர் நீட்ட, ஒரு சிகரெட்டை வாங்கிப் புகைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் அவரே சொன்னார்: "எல்லாம் போச்சும்மா. இனிமேல் எனக்கெல்லாம் சரிப்படாது." மகள் நாட்காட்டியை எடுத்து வந்து காட்டினாள். "18 நாள் எங்கேயும் போகலப்பா. இன்றைக்கு ஒரு நாள் தவறிடுச்சு. அந்தச் சிகரெட்டை யார் கொடுத்தார், எப்போ கொடுத்தார் என்று மட்டும் சொல்லுங்க. அடுத்த கல்யாணத்துக்கு நானும் உங்க கூடவே பந்தியில் உட்காருகிறேன்." அவர் மறுநாளே எங்களிடம் வந்தார்.

அவள் மூன்று செயல்களைச் சரியாகச் செய்தாள். கடந்த நாட்களை அழிக்கவில்லை. சினத்துக்கு மாறாக, எந்தச் சூழ்நிலையில் சறுக்கல் நேர்ந்தது என்பதைக் கேட்டறிந்தாள். அடுத்த முறைக்கு ஒரு திட்டம் வகுத்தாள். அவர் தாமாக உண்மையைச் சொன்னதற்குக் காரணமே, சொன்னால் ஏச்சு விழாது என்ற நம்பிக்கைதான். ஒரு சிகரெட் என்பது சறுக்கல். "இனி எல்லாம் வீண்" என்ற எண்ணம்தான் அதைப் பழைய பழக்கமாக்குகிறது. புகையை முழுமையாக விட்டவர்களில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்றவர்களே.

என்ன கிடைக்கும்?

கடைசிப் புகைக்குப் பின் 20 நிமிடங்களில் இதயத் துடிப்பு சீராகத் தொடங்குகிறது. 12 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பான அளவுக்கு வருகிறது. 1 முதல் 9 மாதங்களுக்குள் இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. ஓராண்டில் இதயக் குழாய் நோயின் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவரின் ஆபத்தில் ஏறத்தாழ பாதியாகிறது. மாரடைப்புக்குப் பின் புகையை விடுபவர்களின் இறப்பு வாய்ப்பு, தொடர்பவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு பழக்கத்தை நிறுத்துவதால் கிடைக்கும் இந்தப் பலன், இதய நோய்க்கான மிகச் சிறந்த மருந்துகளின் பலனுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

காசநோய் நம் ஊருக்கு மிக நெருக்கமானது. சென்னை மருத்துவர் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் தமிழகத்தில் ஆண்களின் 43,000 இறப்புகளை ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். புகைத்த ஆண்கள் காசநோயால் இறக்கும் விகிதம், புகைக்காதவர்களைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. எனவே காசநோய்க்கு மருந்து எடுப்பவர் புகையை விடுவது சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

"இந்த வயதில் விட்டு என்ன பயன்?" என்று கேட்கும் முதியவர்களுக்கும் விடை உண்டு. ரிச்சர்ட் டாலும் சக ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். 30 வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளையும், 40 வயதில் விட்டவர்கள் 9 ஆண்டையும், 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டையும், 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டையும் திரும்பப் பெற்றனர். அறுபதில் கிடைக்கும் 3 ஆண்டுகள் ஒரு பேரக்குழந்தை நடக்கவும் பேசவும் பள்ளியில் சேரவும் போதுமான காலம்.

உதவிக்கு

வீடு திரும்பும் முன் செவிலியரிடமோ மருத்துவரிடமோ "புகையை விட உதவி வேண்டும்" என்று சொல்லுங்கள். உங்கள் கோப்பில் குறிக்கப்பட்டு, ஆலோசனைக்கான நாள் தரப்படும். தேசியப் புகையிலை விடுவிப்பு உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். 011-22901701 என்ற எண்ணுக்குத் தவறிய அழைப்பு விடுத்துப் பதிவு செய்துகொண்டால், கைப்பேசிக்கு வழிகாட்டும் குறுஞ்செய்திகள் வரும். நோயாளி அழைக்கத் தயங்கினால், குடும்பத்தினரே முதலில் அழைத்து, அவருடன் எவ்வாறு பேசுவது என்று கேட்டறியலாம்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது மருந்துச்சீட்டுடன், புகைக்காத நாட்களைக் குறித்த நாட்காட்டியையும் எடுத்து வாருங்கள். இடையில் விடுபட்ட நாட்கள் இருந்தாலும் கொண்டு வாருங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த மாதத்துக்கான திட்டத்தை நாம் சேர்ந்து வகுக்க இயலும்.